மருந்து இல்லாத ஒரு மாலை: காய்ச்சல் கண்ட சிறுவனைப் போட்டிக்கு அனுப்புவது குறித்த நிகழ்வு ஆய்வு

காய்ச்சல் கண்ட குழந்தைக்கு எந்த மருந்து, எத்தனை மி.லி. என்று கேட்க மருத்துவர் இருக்கிறார். குழந்தையைப் பள்ளிக்கோ விளையாட்டுக்கோ விழாவுக்கோ அனுப்பலாமா என்பதைப் பெற்றோர்தான், வேலைக்குக் கிளம்பும் அவசரத்தில், தாங்களாகவே முடிவு செய்கிறார்கள். கையில் இருக்கும் ஒரே சான்று அன்று காலை தெர்மாமீட்டர் காட்டிய எண். அந்த எண்ணை எப்படிப் படிப்பது என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

இதில் வரும் குடும்பம் ஒரே வாரத்தில் பள்ளி, குழந்தைகள் காப்பகம், பிறந்தநாள் விழா, கால்பந்துப் போட்டி என்று அடுத்தடுத்து இந்தக் கேள்வியைச் சந்தித்தது. நான் அவர்களுடைய குழந்தை நல மருத்துவர். அவர்களின் ஒப்புதலுடன், அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை நீக்கிவிட்டு எழுதுகிறேன்.

பின்னணி

சிறுவனுக்கு 8 வயது, 24 கிலோ எடை. ஆஸ்துமாவோ இதயக் கோளாறோ வேறு நீண்டகால நோயோ இல்லை. வழக்கமான தடுப்பூசிகள் எல்லாம் போடப்பட்டிருந்தன. அந்த ஆண்டுக்கான இன்ஃபுளுயன்சா தடுப்பூசி மட்டும் போடவில்லை. அவனுக்கு 2 வயதில் ஒரு தங்கை. அவள் பகலில் காப்பகத்தில் இருப்பாள். அப்பா, அம்மா இருவரும் வேலைக்குப் போகிறவர்கள். வீட்டில் பாட்டி இருக்கிறார்.

சிறுவன் எழுவர் கால்பந்து அணியில் ஆடுகிறான். அணியில் மாற்று ஆட்டக்காரர் ஒருவர்தான். அந்த ஞாயிறு காலை 9 மணிக்கு அந்தப் பருவத்தின் கடைசிப் போட்டி. அதற்கு முந்தைய நாள், சனிக்கிழமை, அணித் தோழன் ஒருவனின் வீட்டில் பிறந்தநாள் விழா. அந்த வீட்டில் பிறந்து சில வாரங்களே ஆன குழந்தை ஒன்று இருந்தது. இந்தத் தகவல் பின்னால் முக்கியமாகிறது.

புதன் மாலை பயிற்சியில் சிறுவன் முழு நேரமும் ஆடினான். அன்று அவனிடம் எந்த அறிகுறியும் இல்லை. அணியில் இன்னொரு பையன் இருமிக்கொண்டிருந்ததை அம்மா கவனித்திருந்தார்.

வியாழன்: முதல் காய்ச்சல்

பிற்பகலில் பள்ளியிலிருந்து அழைப்பு வந்தது. சிறுவன் குளிரில் நடுங்குகிறான், தலை வலிக்கிறது என்கிறான். வீட்டுக்கு வந்ததும் அளந்தபோது 102.2 டிகிரி பாரன்ஹீட், அதாவது 39 செல்சியஸ். மாலை 3 மணிக்கும் இரவு 9 மணிக்கும் பாராசிட்டமால் கொடுத்தார்கள். 5 மி.லி.யில் 250 மி.கி. உள்ள சிரப்பில் ஒவ்வொரு வேளைக்கும் 6 மி.லி., அதாவது 300 மி.கி. கிலோ எடைக்கு 10 முதல் 15 மி.கி. என்பது குழந்தைகளுக்கான அளவு. இவர்கள் கொடுத்தது 12.5 மி.கி.; சரியான அளவுதான். இரவு அவன் முனகியதால் அதிகாலை 3 மணிக்கு மூன்றாவது வேளையும் கொடுத்தார்கள்.

வெள்ளி: பரிசோதனை

காலை 7 மணிக்கு 99.1. வழக்கமாக 100.4 டிகிரியையும் (38 செல்சியஸ்) அதற்கு மேலும் காய்ச்சல் என்கிறோம். அந்தக் கணக்கில் அவனுக்குக் காய்ச்சல் இல்லை. ஆனாலும் அம்மா பள்ளிக்கு அனுப்பவில்லை. "சாப்பிடவே வரல. சோபாவை விட்டு எழுந்திருக்கல. அப்பவே தெரிஞ்சுபோச்சு" என்று பின்னர் என்னிடம் சொன்னார். குழந்தையின் நடத்தையைப் படித்து அவர் எடுத்த அந்த முடிவு சரியானது. எண் ஒன்று சொல்லி, குழந்தை வேறொன்று சொன்னால் நான் குழந்தையைத்தான் நம்புவேன்.

முற்பகலில் என்னிடம் அழைத்து வந்தார்கள். அப்போது 101.3. நாடித்துடிப்பு நிமிடத்துக்கு 118, மூச்சு 22. உடல் வெப்பம் 1 செல்சியஸ் ஏறினால் நாடி ஏறத்தாழ 10 துடிப்பு கூடும் என்பதால் இந்த 118 எனக்கு வியப்பளிக்கவில்லை. தொண்டை லேசாகச் சிவந்திருந்தது. காது, நெஞ்சு, வயிறு இயல்பாக இருந்தன. கழுத்தை எளிதாக மடக்கினான். தோலில் தடிப்பு இல்லை. கெண்டைக்கால் வலிக்கிறது என்றான். தண்ணீர் குடிக்கிறான், சிறுநீர் போகிறான். பேசினால் பதில் சொல்கிறான், ஆனால் சோர்வாக.

வைரஸ் தொற்று, பெரும்பாலும் இன்ஃபுளுயன்சா வகை என்று மதிப்பிட்டேன். ஆரோக்கியமான 8 வயதுப் பையனுக்கு, இந்த நிலையில், பரிசோதனையின் முடிவு சிகிச்சையை மாற்றாது என்பதால் எதுவும் எடுக்கவில்லை. ஆன்டிபயாடிக் எழுதவில்லை.

கடைசியாக எப்போது மருந்து கொடுத்தீர்கள் என்று கேட்டேன். அம்மா "நடுராத்திரி" என்றார், பாட்டி "விடியக்காலை" என்றார். ஒரு தாளை எடுத்து நான்கு கட்டம் போட்டுக் கொடுத்தேன்: நேரம், வெப்பம், மருந்து கொடுத்த நேரம், பையன் எப்படி இருக்கிறான். இந்தக் குடும்பத்துக்கு நான் கொடுத்தவற்றில் அதிகம் பயன்பட்டது அந்தத் தாள்தான். அடுத்த இரண்டு நாள் முடிவுகள் எல்லாம் அதிலிருந்தே பிறந்தன.

மருந்தை எதற்காகக் கொடுக்கிறோம் என்பதையும் பேசினோம். பிரிட்டனில் மருத்துவ வழிகாட்டுதல்களை வகுக்கும் நைஸ் (NICE) அமைப்பின் வழிகாட்டுதல், வெப்பத்தைக் குறைப்பதற்காக மட்டும் மருந்து கொடுக்க வேண்டாம், குழந்தை அவதிப்பட்டால் கொடுக்கலாம் என்கிறது. ஆறு மாதத்துக்கு மேற்பட்ட குழந்தையின் நோய் கடுமையானதா என்பதை வெப்ப அளவை மட்டும் வைத்து முடிவு செய்யக் கூடாது என்றும் சொல்கிறது. காய்ச்சல் என்பது தொற்றுக்கு எதிராக மூளை உடலின் வெப்ப இலக்கையே உயர்த்தி வைப்பது. 102 என்ற எண்ணைப் பார்த்துப் பதறி, தூங்கும் குழந்தையை எழுப்பி மருந்து புகட்டத் தேவையில்லை. ஈரத்துணியால் உடல் முழுக்கத் துடைப்பதையும் அந்த வழிகாட்டுதல் பரிந்துரைக்கவில்லை.

தங்கையை என்ன செய்வது

அன்று காலை தங்கை காப்பகத்துக்குப் போயிருந்தாள். அனுப்பியது சரிதானா என்று அப்பா கேட்டார். அண்ணனுக்குக் காய்ச்சல் என்பதற்காக, அறிகுறி எதுவும் இல்லாத தங்கையை நிறுத்தி வைக்க வேண்டியதில்லை என்றேன். இன்ஃபுளுயன்சா தொற்றியவருக்கு அறிகுறி தெரிய 1 முதல் 4 நாள் ஆகலாம். அறிகுறி தெரிவதற்கு ஒரு நாள் முன்பே பிறருக்குப் பரவவும் செய்யலாம். ஆக, ஆபத்தே இல்லை என்று சொல்ல முடியாது. ஆனால் சளியோ காய்ச்சலோ உள்ள ஒவ்வொரு வீட்டிலும் எல்லாக் குழந்தைகளையும் நிறுத்தினால் பெற்றோரால் பிழைப்பு நடத்த முடியாது. காப்பகத்துக்கு விஷயத்தைச் சொல்லிவிடுங்கள், அவள் சிணுங்கினாலோ சாப்பிட மறுத்தாலோ உடனே அழைக்கச் சொல்லுங்கள் என்று சொல்லி அனுப்பினேன். அப்பா அன்றே சொல்லிவிட்டார்.

சனி காலை: 98.6

வெள்ளி நண்பகலும் இரவு 7 மணிக்கும் மருந்து கொடுத்திருந்தார்கள். சனி அதிகாலை தலைவலியோடு எழுந்ததால் 5 மணிக்கு மீண்டும் கொடுத்தார்கள். 8 மணிக்கு 98.6. பையன் வீட்டுக்குள்ளேயே பந்தை உதைத்துக்கொண்டிருந்தான். அம்மா தொலைபேசியில் அழைத்தார்.

"டாக்டர், சுத்தமா விட்டிருச்சு. பதினோரு மணிக்குப் பிறந்தநாள் விழா. ரெண்டு மணி நேரம் போயிட்டு வரட்டுமா? வேணும்னா கிளம்பும்போது ஒரு வேளை மருந்து கொடுத்துடறேன்."

இந்த அழைப்பு இந்த வீட்டிலிருந்து மட்டும் வருவதில்லை. ஏறக்குறைய இதே சொற்களில் பல பெற்றோர் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். அதனால் அன்று என்ன யோசித்தேன் என்பதை விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் தாளைப் படிக்கச் சொன்னேன். மருந்து 5 மணிக்கு, அளவு 8 மணிக்கு. பாராசிட்டமால் கொடுத்து அரை மணியிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் வேலை செய்யத் தொடங்கும். இரண்டு மூன்று மணி நேரத்தில் வெப்பத்தை நன்றாக இறக்கிவிடும். நான்கு முதல் ஆறு மணி நேரத்தில் அதன் வலு போய்விடும். 8 மணி என்பது மருந்து உச்சத்தில் இருக்கும் நேரம். அந்த 98.6 சிறுவனின் உடல் சொன்ன எண்ணாக எனக்குப் படவில்லை. மருந்து சொன்ன எண்ணாகவே பட்டது.

அடுத்தது, அது காலை நேரம். 1868 இல் ஜெர்மானிய மருத்துவர் கார்ல் வுண்டர்லிக், ஏறத்தாழ 25,000 நோயாளிகளிடம் எடுத்த வெப்ப அளவுகளை வைத்து எழுதிய நூலில், நாம் இன்றும் இயல்பான வெப்பமாகச் சொல்லும் 37 செல்சியஸைக் குறிப்பிட்டார். உடல் வெப்பம் நாள் முழுவதும் ஒரே அளவில் இருப்பதில்லை, அதிகாலையில் தாழ்ந்து பிற்பகலிலும் மாலையிலும் உயர்கிறது என்பதையும் அவர் பதிவு செய்தார். நலமாக இருப்பவருக்கே இந்த ஏற்ற இறக்கம் உண்டு. காய்ச்சல்காரருக்கும் அதே ஏற்ற இறக்கம்தான், அளவு மட்டும் மேலே. காலையில் எல்லாக் காய்ச்சலும் கொஞ்சம் தணிந்தே தெரியும். பெற்றோரோ பெரும்பாலான முடிவுகளை அந்த நேரத்தில்தான் எடுக்க வேண்டியிருக்கிறது. மருந்தும் காலையும் சேர்ந்தால் நல்ல செய்தி மாதிரி ஒரு எண் கிடைக்கும். அதை நம்பிக் குழந்தையை அனுப்புகிறவர்கள்மேல் எனக்குக் கோபம் வந்ததில்லை. அவர்கள் ஏமாறுவது இயல்பு.

மூன்றாவது, போகும் இடம். மூடிய அறை, நெருங்கி விளையாடும் பிள்ளைகள், ஒரே தட்டில் கை வைப்பவர்கள், பச்சிளங்குழந்தை. மூன்று மாதம் நிரம்பாத குழந்தைக்கு 38 செல்சியஸ் தொட்டாலே உடனே மருத்துவரிடம் காட்ட வேண்டும். 8 வயதுப் பையனுக்கு நான்கு நாள் சோர்வோடு போகிற நோய், அந்தக் குழந்தைக்கு மருத்துவமனையில் முடியக்கூடும்.

கிளம்பும்போது இன்னொரு வேளை மருந்து கொடுப்பது எனக்கு எல்லாவற்றையும்விட மோசமான யோசனையாகப் பட்டது. அது நோய் பரவுவதைக் குறைக்காது. பையனுக்குத் தெம்பு வந்ததுபோல் காட்டும், அவ்வளவுதான். காய்ச்சல் திரும்பும்போது அவன் வீட்டில் இருக்க மாட்டான். அதைக் கவனிக்க யாருக்கும் தெரியாது.

விழா வேண்டாம் என்றேன். அதோடு ஒரு சோதனையும் சொன்னேன்: பையன் அவதிப்படாத வரை இனி மருந்து கொடுக்காதீர்கள், மாலை நான்கரை மணிக்கு அளந்து பாருங்கள்.

அம்மா விழா வீட்டாருக்குத் தகவல் சொன்னார். காரணத்தையும் மறைக்காமல் சொன்னார். கைக்குழந்தை இருப்பதால் சொல்லியது நல்லது என்று அவர்கள் பதில் அனுப்பினார்கள். பையன் அறைக்கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். அவன் ஏமாற்றம் சின்ன விஷயமல்ல. எட்டு வயதில் நண்பனின் பிறந்தநாள் ஆண்டுக்கு ஒரு முறைதான் வருகிறது. அவனிடம் "உனக்கு உடம்பு சரியில்லை" என்று சொல்லி முடித்துவிடாமல், "அந்தப் பாப்பாவுக்கு உன் காய்ச்சல் ஒட்டிக்கக் கூடாதுப்பா" என்று சொல்லச் சொன்னேன். அந்தக் காரணத்தை அவன் ஏற்றுக்கொண்டதாக அம்மா சொன்னார்.

சனி மாலை

நான்கரை மணிக்கு 101.5. கன்னம் சிவந்து, தலைவலியோடு படுத்திருந்தான். 5 மணிக்கு மருந்து கொடுத்தார்கள்.

ஆறு மணிக்கு அவனே கொஞ்சம் வெளியே போகிறேன் என்றான். பாட்டி தடுத்தார். "வெளிக்காத்து பட்டா காய்ச்சல் ஏறிடும் கண்ணு, உள்ளேயே இரு." மறுபடியும் எனக்கு அழைப்பு. அம்மா சங்கடத்தோடுதான் கேட்டார்.

வெளிக்காற்று காய்ச்சலை ஏற்றுவதில்லை. காய்ச்சல் உள்ள குழந்தை படுக்கையை விட்டு அசையவே கூடாது என்பதும் இல்லை; அதன் உடம்பே ஓய்வைக் கேட்டு வாங்கிக்கொள்ளும். வெளியே போவது என்றால் எல்லாமே ஒன்றல்ல. வீட்டு வாசலில் கால் மணி நேரம் உட்கார்ந்து தெருவைப் பார்ப்பது ஒன்று, பத்துப் பிள்ளைகளோடு அறைக்குள் விளையாடுவது வேறு, மைதானத்தில் ஓடுவது முற்றிலும் வேறு. முதலாவதில் அவனுக்கும் கெடுதல் இல்லை, பிறருக்கும் இல்லை. மற்ற பிள்ளைகள் அருகில் இல்லாமல், ஓடாமல், அதிகம் போர்த்தாமல் உட்காரட்டும் என்றேன். பாட்டியும் கூடவே போய் உட்கார்ந்தார். பாட்டியின் கவலையை நான் குறைத்துப் பேசவில்லை. பகல் முழுக்கப் பையனோடு இருந்து, அவன் எவ்வளவு குடித்தான், எத்தனை முறை சிறுநீர் போனான் என்று தாளில் எழுதியவர் அவர்தான்.

இரவு 9 மணிக்கு 100.6. அதன் பிறகு தூங்கிவிட்டான். இரவில் மருந்து தேவைப்படவில்லை.

ஞாயிறு: போட்டி நாள்

காலை 7 மணிக்கு 98.2. மருந்து கொடுத்து 14 மணி நேரம் ஆகியிருந்தது. இந்த எண்ணில் மருந்தின் பங்கு இல்லை. பையன் சீருடையை எடுத்து வைத்திருந்தான். பயிற்சியாளரிடமிருந்து செய்தி: மாற்று ஆட்டக்காரனுக்கும் காய்ச்சல், ஆறு பேர்தான் இருக்கிறார்கள், பாதி நேரமாவது ஆட முடியுமா?

இந்த முறை அழைத்தவர் அப்பா. "நேத்து நீங்க சொன்னது புரிஞ்சுது டாக்டர். ஆனா இன்னிக்கு மருந்தே இல்லாம இருக்கான். வருஷம் பூரா இந்த மேட்ச்சுக்காகத்தான் ஓடினான். இதுக்கும் வேண்டாம்னா எப்படி?"

சனிக்கிழமை முடிவு எனக்கு எளிதாக இருந்தது. இது அப்படி இல்லை. அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. காய்ச்சல் முடிந்திருக்க நல்ல வாய்ப்பும் இருந்தது.

என்னை வேண்டாம் என்று சொல்ல வைத்தவை இவை. கடைசியாகக் காய்ச்சல் பதிவானது சனி இரவு 9 மணிக்கு; போட்டி தொடங்கும்போது 12 மணி நேரம்தான் ஆகியிருக்கும். மருந்து இல்லாமல் காய்ச்சல் இன்றி 24 மணி நேரம் என்பது பள்ளிகள் பலவும் கடைப்பிடிக்கும் அளவு. அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாடு மற்றும் தடுப்பு மையம் 2024 மார்ச்சில் சுவாச வைரஸ்களுக்கு வெளியிட்ட வழிகாட்டுதலும் இதையே சொல்கிறது: குறைந்தது 24 மணி நேரம் அறிகுறிகள் தணிந்துகொண்டிருக்க வேண்டும், மருந்தின் உதவியில்லாமல் காய்ச்சல் இல்லாதிருக்க வேண்டும்; அதற்குப் பின்னும் 5 நாள் கூடுதல் கவனம் தேவை. இந்த 24 மணி நேரத்தை வெறும் சம்பிரதாயமாக நான் பார்ப்பதில்லை. ஒரு முழு நாள் கடந்தால்தான் அதற்குள் ஒரு மாலை வரும். காய்ச்சல் ஒளிந்திருந்தால் அந்த மாலையில் வெளிப்பட்டுவிடும். அவன் அந்த மாலையை இன்னும் கடக்கவில்லை.

அடுத்தது உழைப்பு. பள்ளி வகுப்பில் உட்காருவதைப் பற்றி அப்பா கேட்டிருந்தால் என் தயக்கம் குறைவாக இருந்திருக்கும். கால்பந்து அப்படியல்ல. வைரஸ் காய்ச்சலின்போது அரிதாக இதயத் தசையிலும் அழற்சி ஏற்படுவதுண்டு; மயோகார்டைட்டிஸ் என்பார்கள். அந்த நிலையில் கடுமையாக ஓடினால் இதயத் துடிப்பு ஆபத்தான முறையில் தாறுமாறாகலாம். இது மிக அரிது என்று அப்பாவிடம் தெளிவாகவே சொன்னேன். பயமுறுத்தி ஒப்புக்கொள்ள வைப்பதில் எனக்கு நம்பிக்கையில்லை. ஆனால் காய்ச்சலும் உடல்வலியும் இருக்கும்போதும், விட்ட உடனேயும் கடும் பயிற்சி கூடாது என்று விளையாட்டு மருத்துவம் சொல்வதற்கு அதுதான் காரணம். போதாததற்கு, மூன்று நாளாகச் சரியாகச் சாப்பிடாத, நீர்ச்சத்து குறைந்த உடம்பு வெயிலில் எளிதில் சூடேறும்.

மாடிப்படி ஏறச் சொல்லிப் பாருங்கள் என்றேன். ஒரு மாடி ஏறியதும் பையன் படியிலேயே உட்கார்ந்துவிட்டான். கால் வலிக்கிறது என்றான். பாதி நேரம் என்றாலும் மைதானத்தில் பந்து வந்தால் பிள்ளைகள் அளந்து ஓட மாட்டார்கள்.

அப்பா சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, "சரி, நான் சொல்லிக்கிறேன்" என்றார். அவர் மனத்தாங்கலோடுதான் வைத்தார்.

ஓரத்தில் உட்கார்ந்து பார்க்கவாவது போகலாமா என்று பையன் கேட்டதாகப் பின்னர் அறிந்தேன். அப்பாவே வேண்டாம் என்று சொல்லிவிட்டார். ஓரத்தில் உட்காருகிறவன் அணியோடுதான் உட்காருவான், தோளில் கை போட்டுக்கொள்வான் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

பின் நடந்தவை

அணி ஆறு பேரோடு ஆடித் தோற்றது.

ஞாயிறு மாலை நான்கரை மணிக்குச் சிறுவனுக்கு 99.0. இரவு 9 மணிக்கு 98.5. மருந்து எதுவும் கொடுக்கவில்லை. காய்ச்சல் திரும்பவே இல்லை. திங்கள் காலை 98.1.

அப்படியானால் அவன் ஆடியிருக்கலாமே என்று அப்பா கேட்டார். காய்ச்சலைப் பொறுத்தவரை ஆம், அது போட்டிக்கு முன்பே முடிந்திருந்தது என்று இப்போது தெரிகிறது. ஆனால் காலை 7 மணிக்கு அது யாருக்கும் தெரியாது. சனிக்கிழமை காலையும் அவன் பந்து உதைத்தான், அன்றும் எண் நன்றாகவே இருந்தது, மாலை 101.5 வந்தது. ஒரே மாதிரித் தெரிந்த இரண்டு காலைகளுக்கு இரண்டு விதமான மாலைகள். எது எப்படிப் போகும் என்பதை முன்கூட்டியே பிரித்தறிய வழி இல்லாதபோது, தெரிந்ததை வைத்துத்தான் முடிவெடுக்க முடியும். அன்று எனக்குத் தெரிந்திருந்ததை வைத்து அதே பதிலைத்தான் மீண்டும் சொல்வேன்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். மாற்று ஆட்டக்காரனைத் தவிர, அணியில் இன்னொரு பையனுக்கும் திங்களன்று காய்ச்சல் வந்தது. புதன் பயிற்சியில் இவர்கள் எல்லோரும் ஒன்றாக இருந்தவர்கள். யாரிடமிருந்து யாருக்கு என்று சொல்ல முடியாது. சிறுவனை வீட்டில் நிறுத்தியது பரவலை முழுதாகத் தடுத்துவிட்டது என்று நான் உரிமை கொண்டாட மாட்டேன். அறிகுறிக்கு முன்பே பரவும் நோயில் வீட்டில் நிறுத்துவது ஒரு பகுதிப் பாதுகாப்புதான். பச்சிளங்குழந்தை இருந்த வீட்டில் யாருக்கும் காய்ச்சல் வரவில்லை.

தங்கைக்கு ஞாயிறு இரவே 101.8 வந்தது. அம்மாவின் முதல் பயம் வலிப்பு. காய்ச்சல் வலிப்பு ஆறு மாதத்திலிருந்து ஐந்து வயது வரை, நூற்றில் இரண்டு முதல் ஐந்து குழந்தைகளுக்கு வரலாம். பார்க்கப் பயங்கரமாக இருந்தாலும் பெரும்பாலும் சில நிமிடங்களில் தானே நின்றுவிடும். முன்கூட்டி மருந்து கொடுத்து வலிப்பைத் தடுக்க முடியாது. வந்தால் ஒருக்களித்துப் படுக்க வைக்க வேண்டும், வாயில் எதையும் வைக்கக் கூடாது, கடிகாரத்தைப் பார்க்க வேண்டும், ஐந்து நிமிடம் தாண்டினால் அவசர உதவியை அழைக்க வேண்டும். அவளுக்கு வலிப்பு வரவில்லை. காப்பகத்துக்கு ஞாயிறு இரவே தகவல் போனது. புதன் காலையோடு காய்ச்சல் நின்றது. வியாழன் மாலையையும் பார்த்துவிட்டு வெள்ளியன்று அனுப்பினார்கள். அந்தக் கணக்கை அம்மாவே போட்டார், என்னைக் கேட்கவில்லை.

மீண்டும் பள்ளிக்கும் மைதானத்துக்கும்

சிறுவன் திங்களன்று பள்ளிக்குப் போனான். இருமல் மிச்சமிருந்தது. இருமல் முழுதும் நிற்க வாரக் கணக்கில் ஆகலாம், அதுவரை நிறுத்தி வைக்க முடியாது. வாயை முழங்கையால் மறைத்து இருமுவது, கை கழுவுவது, சில நாள் முகக்கவசம் என்று பேசிக்கொண்டோம். உடற்பயிற்சி வகுப்பில் அந்த வாரம் கலந்துகொள்ள வேண்டாம் என்று கடிதம் கொடுத்தேன்.

வியாழனன்று வீட்டருகே மெதுவாகப் பந்து உதைத்தான். வாரக் கடைசியில் கொஞ்சம் ஓடினான். அடுத்த புதன் பயிற்சிக்குத் திரும்பினான். நெஞ்சுவலி, வழக்கத்துக்கு மீறிய மூச்சுத்திணறல், தலைசுற்றல், படபடப்பு ஆகியவற்றில் ஒன்று வந்தாலும் நிறுத்திவிட்டு என்னிடம் அழைத்து வரச் சொல்லியிருந்தேன். எதுவும் வரவில்லை. முதல் பயிற்சியில் பாதியிலேயே களைத்து உட்கார்ந்தான். அடுத்த முறை முழுதும் ஆடினான்.

இந்த வழி பொருந்தாத இடங்கள்

இது ஆரோக்கியமான ஒரு பள்ளிச் சிறுவனின் கதை. மூன்று மாதம் நிரம்பாத குழந்தைக்கும், நோயெதிர்ப்பு குறைந்த குழந்தைக்கும், இதய, நுரையீரல் நோயுள்ள குழந்தைக்கும் இதைப் பொருத்திப் பார்க்கக் கூடாது. காய்ச்சல் ஐந்து நாள் நீடித்தாலும் மறுபடி பரிசோதனை வேண்டும். அம்மை போன்ற நோய்களுக்குத் தனிக் கணக்கு உண்டு: தட்டம்மையில் தடிப்பு தோன்றி நான்கு நாள் வரை பரவும், சின்னம்மையில் எல்லாக் கொப்புளங்களும் பொருக்கு கட்டும் வரை பரவும். அங்கே காய்ச்சல் விட்டதை வைத்து மட்டும் அனுப்ப முடியாது.

டெங்கு பரவும் இடத்திலும் காலத்திலும் இன்னும் கவனம் வேண்டும். டெங்குவில் மூன்றாம் நாளிலிருந்து ஏழாம் நாளுக்குள் காய்ச்சல் இறங்கும்போதுதான் ஆபத்தான கட்டம் தொடங்குகிறது. காய்ச்சல் விட்ட பின் கடும் வயிற்றுவலி, தொடர் வாந்தி, ஈறிலோ மூக்கிலோ ரத்தம், கை கால் சில்லிடுதல், மிகுந்த அயர்ச்சி என்று எது தெரிந்தாலும் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். டெங்கு சந்தேகம் இருந்தால், காய்ச்சலுக்கும் வலிக்கும் தரப்படும் இன்னொரு மருந்தான இபுபுரூஃபன் கொடுக்கக் கூடாது. எந்தக் காய்ச்சலானாலும் குழந்தைகளுக்கு ஆஸ்பிரின் கூடாது.

எழுப்பினாலும் எழாத மயக்கம், மூச்சு வாங்குதல், கழுத்து விறைப்பு, கண்ணாடி டம்ளரை அழுத்தினாலும் மறையாத சிவப்புப் புள்ளிகள், பல மணி நேரம் சிறுநீர் போகாமை ஆகியவை எந்த நாளில் எந்த வெப்பத்தில் தெரிந்தாலும் காத்திருக்க வேண்டியதில்லை.

இனி என்ன மாறும்

நான்கு கட்டத் தாளை இப்போது எங்கள் மருத்துவமனையில் அச்சிட்டு வைத்திருக்கிறோம். காய்ச்சலோடு முதல்முறை வரும்போதே கொடுக்கிறோம். "மருந்து இல்லாத ஒரு மாலையைப் பார்த்த பிறகு வெளியே அனுப்புங்கள்" என்ற வரி அதன் மேலேயே இருக்கிறது. பெற்றோர் 24 மணி நேரக் கணக்கைவிட அந்த வரியை நன்றாக நினைவில் வைத்துக்கொள்கிறார்கள். வரவிருக்கும் போட்டி, தேர்வு, விழா ஏதாவது உண்டா என்றும் முதல் நாளே கேட்டுவிடுகிறேன். போட்டிநாள் காலையில் தொலைபேசியில் முடிவு சொல்வதைவிட, இரண்டு நாள் முன்பே நிபந்தனையைப் பேசிக்கொள்வது பையனுக்கும் பயிற்சியாளருக்கும் நல்லது.

குடும்பம் அடுத்த ஆண்டு இரண்டு பிள்ளைகளுக்கும் இன்ஃபுளுயன்சா தடுப்பூசி போட முடிவு செய்திருக்கிறது. ஆறு மாதம் நிரம்பிய குழந்தையிலிருந்து ஆண்டுக்கொரு முறை போடலாம்.

அணியில் இன்னும் பேச்சு முடியவில்லை. காய்ச்சலில் இருந்த பிள்ளையை ஆட அழைக்கக் கூடாது என்று பருவம் தொடங்கும் முன்பே எழுதி வைக்க வேண்டும் என்று அப்பா கேட்டிருக்கிறார். பயிற்சியாளர் ஒப்புக்கொள்கிறார். ஆனால் இரண்டு மாற்று ஆட்டக்காரர்களையாவது சேர்க்காமல் அப்படி ஒரு விதியைக் காப்பாற்ற முடியாது என்கிறார், அதுவும் சரிதான். அடுத்த பருவத்துக்கு ஒன்பது பேரைச் சேர்க்கப் பார்க்கிறார்கள்.